ஐஸ் மலைக்கு முன்னால எந்திரிச்சு நின்னவன்

அந்தப் படத்தைச் சித்த நிறுத்துங்க தம்பி. அடுத்தவங்க போன எட்டிப் பாக்கறது தப்புத்தான், வயசான ஆளு, மனசுல வெச்சுக்காதீங்க. இப்ப ஒரு ஐஸ் மலை ஒடஞ்சு தண்ணியில உழுந்துச்சே, அத மறுக்கா ஒருதரம் போடுங்க. ஆ... அதேதானுங்க. உங்க போன்ல சத்தம் கம்மியாக் கேக்குது. நேர்ல கேட்டா காதுல கேக்காது, வவுத்துக்குள்ள கேக்கும்.

நான் பாத்திருக்கனுங்க. அலாஸ்கா. சிரிக்காதீங்க, நெசமாத்தான். பாத்தது மட்டுமில்ல, அது முன்னால எந்திரிச்சு நின்னிருக்கேன். நின்னிருக்கவே கூடாது. அதாங்க கதையே. நீங்க அவினாசியில எறங்கறேன்னு கண்டக்டர்கிட்டச் சொன்னீங்க. அதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன்.

எம் பேரு சென்னியப்பன். திருச்செங்கோடு. முப்பத்தஞ்சு வருசம் ரிக் வண்டி வெச்சு போர்வெல் போட்டவன். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரைக்கும் போயி பூமியில ஓட்டை போட்டாச்சு. வெளிய வர்ற கல்லுப் பொடியக் கையில வாங்கி மோந்து பாத்தே இன்னும் எத்தனை அடியில தண்ணின்னு சொல்லுவேன். அடியில இருக்கற தண்ணி அத்தனையும் தெரியும். மேல இருக்கற தண்ணி ஒண்ணும் தெரியாது. நீச்சல் தெரியாது. பரிசல்ல கூட உக்காந்ததில்ல. ஆனா அத ஆருகிட்டயும் சொன்னதில்ல. தண்ணிக்காரன்னு பேரு எடுத்துட்டு எப்படிச் சொல்றது?

எனக்கு ஒரே பொண்ணு. மேகலா. அமெரிக்காவுல சியாட்டில்னு ஒரு ஊரு, அங்க வேலை. ஆறு வருசத்துக்கு முந்தி கூட வேலை பாக்கற பையனக் கட்டிக்கறேன்னு சொன்னா. விருத்தாசலத்துப் பக்கத்துப் பையன். நம்ம ஆளுக இல்லீங்க. மேல நீங்களும் கேக்காதீங்க, நானும் சொல்லல. 'அப்பா, நீங்க சரின்னு சொன்னாப் போதும்'னு நாலு மாசம் தெனமும் போன் பண்ணுனா. நான் எடுக்கவேயில்ல. அஞ்சாவது மாசம் அங்கயே பதிவு பண்ணிக்கிட்டாங்க. அதோட எனக்குப் பொண்ணே இல்லைன்னு சொல்லிட்டனுங்க. எங்க சொன்னேன்? டீக்கடையில சொன்னேன். ரிக் ஆபீஸ்ல சொன்னேன். கோயில் கமிட்டியில சொன்னேன். அவகிட்ட மட்டும் சொல்லல. போனத்தான் எடுக்கலையே.

எம் பொண்டாட்டி துளசிமணி ஒரு வார்த்தை பேசல. சரி, இவ நம்ம பக்கந்தான்னு நெனைச்சுக்கிட்டேன். பொறவுதான் தெரிஞ்சுது. நான் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவொடனே இவ மாட்டுக் கொட்டாய்க்குப் போயி நின்னுக்கிட்டு வீடியோவுல மககிட்டயும் மருமகன்கிட்டயும் பேசியிருக்கறா. ஆறு வருசமா. எங்க வீட்டு மாட்டுக்குக் கூட அவரு மூஞ்சி தெரியும். எனக்குத் தெரியாது.

போன ஆனி மாசம் ஒருநா சோறு போட்டுக்கிட்டே சொல்றா. "மேகலா டிக்கெட் அனுப்பிச்சிருக்கறா. ரெண்டு பேருக்கும். நான் போறனுங்க. நீங்க வந்தா வாங்க. இல்லீன்னா ரெண்டு மாசத்துக்குப் பக்கத்து வீட்டுல சோத்துக்குச் சொல்லி வெச்சுட்டுப் போறேன்."

விசா முன்னாடியே இருந்துச்சுங்க. மேகலா அங்க படிச்சு முடிச்சப்ப பட்டம் வாங்கறதப் பாக்கறதுக்குன்னு எடுத்தது, பத்து வருசம் செல்லும். ரெண்டு நாள் யோசனை பண்ணுனேன். மூணாவது நாள் பொட்டியில வேட்டிய எடுத்து வெச்சேன். மகமேல இருக்கற பாசத்துல போனேன்னு நெனைக்காதீங்க. எனக்குக் காப்பி போடத் தெரியாது தம்பி. அடுப்பே பத்த வெக்கத் தெரியாது. அதான் போனேன்.

ஆனா ஒரு கண்டிசன் போட்டேன். "வருவேன். ஆனா அந்தப் பையன்கிட்டப் பேச மாட்டேன்." துளசி, "அது உங்க இஷ்டமுங்க"ன்னு சொல்லிட்டா. அவ அவ்வளவு சீக்கிரமா ஒத்துக்கிட்டதுல எனக்குக் கொஞ்சம் ஏமாத்தம்தான்.

சியாட்டில்ல பத்து நாள். பையன் பேரு இளம்பரிதி. ஏர்போர்ட்ல வந்து "வாங்க மாமா"ன்னு பொட்டிய வாங்குனாரு. நான் ஆகாசத்தப் பாத்தேன். சாப்பிட உக்காந்தா உப்பு அவரு கைக்கிட்ட இருக்கும். நான், "துளசி, உப்பு வேணும்"னுவேன். அவ சமையக்கட்டுல இருப்பா. அவரு எடுத்து என் தட்டுக்கிட்ட வெப்பாரு. நான் உப்பு தானா நடந்து வந்த மாதிரி எடுத்துப் போட்டுக்குவேன். இப்படிப் பத்து நாள். நெம்ப வீராப்பா இருக்கறோம்னு எனக்கே என்னைப் பத்திப் பெருமை.

அதுக்குப் பொறவுதான் கப்பல். ஏழு நாள் கப்பல் டூர், நாலு பேருக்கும் அவரே ஏற்பாடு பண்ணியிருந்தாரு. கப்பல்னா நம்ம செங்கோட்டுத் தேர் வீதிய நாலு மடிப்பா மடிச்சு அடுக்குன மாதிரி இருக்குமுங்க. மொத நாளே நான் தொலைஞ்சு போயிட்டேன். எந்த மாடிக்குப் போனாலும் அதே செவப்புக் கம்பளம், அதே வெள்ளைக் கதவு. ஒரு மணி நேரம் சுத்தி ஒரு படிக்கட்டுல உக்காந்துட்டேன். அந்தப் பையன்தான் தேடிக்கிட்டு வந்தாரு. "மாமா, ரூம் இந்தப் பக்கம்"னாரு. நான் பதில் சொல்லல. அவரு நடந்தாரு. நான் அஞ்சடி தள்ளி, ஏதோ நானும் அதே பக்கம் போற ஆள் மாதிரி, பின்னாலயே போனேன்.

நாலாவது நாள் ஒரு சின்னத் துறைமுகத்துல கப்பல் நின்னுச்சு. ஊரவிடக் கப்பல் ஒசரம். நாலு மரக் கடை, ஒரு சர்ச்சு, சுத்தி மலை. அங்கிருந்து ஒரு சின்ன போட்டுல கூட்டிட்டுப் போயி, பொறவு காட்டுக்குள்ள ஒரு பஸ்ல போயி, ஒரு ஏரிக்கரையில எறக்கி விட்டாங்க. ஏரிக்கு அந்தக் கடைசியில ஐஸ் மலை. மேல இருந்து ஆறு ஒண்ணு எறங்கி வந்து, வர்ற வழியிலயே அப்படியே ஒறஞ்சு நின்னா எப்படியிருக்கும்? அப்படி. வெள்ளைத் துணிக்கு நீலம் கூடுதலாப் போட்டுட்டா ஒரு நெறம் வருமே, அந்த நெறம்.

கரையில ஒரு கூடாரம். ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் குடுத்தாங்க. நான் உள்ளுக்கு ரெண்டு சொட்டரு, மேல மழைக்கோட்டு, அதுக்கு மேல ஜாக்கெட்டு, தலையில குரங்குக் குல்லா. கை ரெண்டும் ஒடம்போட ஒட்ட மாட்டேங்குது. மேகலா சிரிச்சா. ஆறு வருசம் கழிச்சு எம் பொண்ணு என்னைப் பாத்துச் சிரிச்சது அப்பத்தான். நான் சிரிக்கல. வீராப்பு.

எங்களுக்கு வழிகாட்டியா வந்தது டெஸ்ஸான்னு ஒரு புள்ளை. இருபத்தஞ்சு வயசு இருக்கும், பனைமரம் ஒசரம். கரையில எல்லாரையும் நிக்க வெச்சு என்னென்னமோ சொல்லுச்சு. என்னோட இங்கிலீசு ரிக் இங்கிலீசு தம்பி. கம்ப்ரசர், கேசிங், பிட்டு, செக்கு, பேலன்ஸ், இதுக்குள்ள எது கேட்டாலும் பேசுவேன். அந்தப் புள்ளை பேசுனதுல இதுல ஒண்ணுமே வரல. நான் அஞ்சு வார்த்தைக்கு ஒருதரம் "யெஸ், யெஸ்"னு தலையாட்டிக்கிட்டு நின்னேன்.

துளசி என் கையத் தொட்டு, "ஏனுங்க, என்ன சொல்லுது அந்தப் புள்ளை?"ன்னு கேட்டா.

"ஐஸ் மலை நெம்பப் பழசாமா. பத்தரமாப் பாத்துக்கணுமாமா"ன்னேன்.

பின்னால இருந்து இளம்பரிதி மெதுவா, "அத்தை, படகுல எந்தக் காரணத்துக்காகவும் எந்திரிக்கக் கூடாதுங்கறாங்க. மலை ஒடஞ்சா அலை வரும், அப்பவும் கீழ உக்காந்தே இருக்கணுமாம். சாயவும் கூடாதாம்"னாரு.

அத்தைன்னு சொன்னாரு, ஆனா அது எனக்குச் சொன்னது. எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். அவரு வாயில வந்த வார்த்தைங்கற ஒரே காரணத்துக்காக அத நான் காதுல போட்டுக்கல. சாமியே எறங்கி வந்து அன்னிக்கு அவரு மூலமாச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

படகு நீளமானது. ரெண்டு ரெண்டு பேரா அஞ்சு பலகை. கடைசியில டெஸ்ஸா நின்னு ஓட்டும். மேகலாவும் துளசியும் முன்பலகை. நடுவுல வெள்ளைக்காரங்க ஆறு பேரு. கடைசிப் பலகைக்கு வெயிட்டான ஆளு வேணும்னு டெஸ்ஸா என்னைக் கையக் காட்டுச்சு. பக்கத்துல இன்னொரு வெயிட்டு வேணும்னு அந்தப் பையனக் காட்டுச்சு. நான் "ஒய்ஃப், ஒய்ஃப்"னு முன்பக்கம் கை நீட்டுனேன். அந்தப் புள்ளை, "ஷி இஸ் ஃபைன்!"னு சொல்லி என் தோளப் புடிச்சு உக்கார வெச்சுருச்சு.

ஆளுக்கொரு துடுப்பு. அவரு வலது பக்கம், நான் எடது பக்கம். முன்னால இருக்கறவங்களோட சேந்து போடணும். எனக்குத் தாளமே வரல. எந் துடுப்பு முன்னால இருந்த அம்மா துடுப்புல இடிக்குது, தண்ணி அந்தம்மா கழுத்துல தெறிக்குது. கொஞ்ச நேரத்துல பாத்தா நான் சரியாப் போடறேன். படகு நேராப் போவுது. பரவால்லையே சென்னியப்பான்னு நெனைச்சுக்கிட்டேன். பொறவு ஓரக்கண்ணுல பாத்தாத்தான் தெரியுது, அவரு என் தப்புக்குத் தகுந்த மாதிரி அவரு பக்கம் போட்டு நேராக்கிக்கிட்டே வர்றாரு. மூச்சு வாங்குது.

ஐஸ் மலைக்கு ஒரு அரை மைல் இருக்கறப்ப நிறுத்துனாங்க. எங்க பின்னால இன்னொரு படகும் வந்துச்சு, அது கொஞ்சம் தள்ளி நின்னுச்சு. டெஸ்ஸா ஒதட்டு மேல வெரல வெச்சு எல்லாரையும் பேசாம இருக்கச் சொல்லுச்சு. தண்ணியில மெதக்கற ஐஸ் கட்டியெல்லாம் வறுத்த கடுகு மாதிரி படபடன்னு சின்னதாப் பொரியுது. வேற சத்தமே இல்ல. நானும் அந்தப் பையனும் ஒரே பலகையில, முழங்கால் முட்ட உக்காந்திருக்கறோம். ஒரு வார்த்தை பேசலாமான்னு தோணுச்சுங்க. நெசமாலுமே தோணுச்சு. 'குளுருதா'ன்னு கேட்டா என்ன? அதக் கேக்க வாயத் தெறக்கறேன்...

டமார்.

வெடி வெச்ச மாதிரி. ஒரு மூணு மாடி வீடு ஒசரத்துக்கு ஐஸ் அப்படியே சரிஞ்சு தண்ணிக்குள்ள போகுது. எல்லாரும் 'ஓ'ன்னு கத்தறாங்க. தண்ணி மேல ஒரு கோடு தெரியுது. கோடு ஒசந்துக்கிட்டே எங்களைப் பாத்து வருது. டெஸ்ஸா ஏதோ கத்துச்சு. கத்திட்டு, பின்னால நிக்கற படகுக்குச் சொல்றதுக்காகத் திரும்பிருச்சு.

நான் எந்திரிச்சு நின்னுட்டேன்.

ஊருல எல்லார்கிட்டயும் போட்டோ புடிக்க எந்திரிச்சேன்னு சொல்லி வெச்சிருக்கேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க எறங்கிப் போயிருவீங்க. பயத்துல எந்திரிச்சேன். ரிக்குல அப்படியொரு சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடித்தான் பழக்கம். காலு தானா எந்திரிச்சுருச்சு. ஓடறதுக்கு எடம் வேணுமே, அதத்தான் அது யோசிக்கல.

படகு ஒரு பக்கமாச் சாஞ்சுது. நான் போறேன்னு எனக்கே தெரியுது. அப்ப அந்தப் பையன் ரெண்டு கையாலயும் என் இடுப்பச் சுத்திப் புடிச்சு, இருக்கற பலத்தையெல்லாம் போட்டு இழுத்துப் பலகையில உக்கார வெச்சாரு. நான் உக்காந்தேன். நான் உக்காந்த வேகத்துல அவரு அந்தப் பக்கமாப் போயிட்டாரு. படகுல இல்ல. தண்ணிக்குள்ள.

ஐஸ் தண்ணி தம்பி. ஒரு கணம் ஆளையே காணோம். பொறவு லைஃப் ஜாக்கெட்டு மேல தள்ளி விட்டுச்சு. வாயத் தெறக்கறாரு, மூச்சு உள்ளயும் போகல வெளியயும் வரல. கண்ணு என்னையே பாக்குது. அலை வந்து படகத் தூக்கிப் போடுது, அவரு அக்கட்டப் போறாரு. எனக்கு ஒண்ணுமே தோணல. கத்தறேன். "மாப்ள! மாப்ள! கையக் குடுங்க மாப்ள!" வவுத்துல இருந்து வருது சத்தம். முப்பத்தஞ்சு வருசம் கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல கத்துன தொண்டை. மலையில பட்டுத் திரும்பி வந்துச்சு, மாப்ள, மாப்ளன்னு.

துடுப்ப நீட்டுனேன். புடிச்சாரு. ஜாக்கெட்டுத் தோள்பட்டைய நான் ஒரு கையில புடிச்சேன், அதுக்குள்ள டெஸ்ஸா இன்னொரு பக்கம் புடிச்சுது. மத்தவங்களை எதிர்ப்பக்கம் சாயச் சொல்லிட்டு ரெண்டு பேருமாச் சேந்து இழுத்துப் போட்டோம். மொத்தமா ஒரு நிமிசம் இருந்திருக்கும். மேகலா முன்பலகையில இருந்து, "பரிதி! பரிதி!"ன்னு கத்துனா. எந்திரிக்கல. டெஸ்ஸா பேச்சுக் கேட்டு உக்காந்தேயிருந்தா. வளத்தது நாந்தான், ஆனா புத்தி அவ அம்மா புத்தி.

கரை சேர்றதுக்கு இருவது நிமிசம். அத்தனை பேரும் துடுப்புப் போட்டோம். என் ரெண்டு சொட்டரையும் கழட்டி அவருக்குப் போட்டு, குரங்குக் குல்லாவையும் மாட்டி விட்டேன். கூடாரத்துக்குள்ள ஹீட்டர் வெச்சிருந்தாங்க. ஈரத்துணிய எல்லாம் அவுக்கச் சொன்னாங்க. மாத்துத் துணி எல்லாம் அவரு ஒசரத்துக்குப் பத்தல. எம் பையில ஒரு வேட்டி இருந்துச்சு. எங்க போனாலும் ஒண்ணு வெச்சிருப்பேன். கை நடுக்கத்துல அவருக்குக் கட்ட வரல, நானே கட்டி விட்டேன். கட்டி முடிச்சுட்டு நிமிந்தா, துளசி கூடார வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கறா. கண்ணு ரொம்பிருச்சு அவளுக்கு. கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு மாமனாரு எடுத்துக் குடுக்கற வேட்டிய நான் எங்க வந்து குடுத்திருக்கறேன் பாருங்க.

இதோட கதை முடிஞ்சிருந்தா நான் நல்லவனாப் போயிருப்பேன். முடியல.

டெஸ்ஸா ஒரு காயிதத்த எடுத்துக்கிட்டு வந்துச்சு. என்ன நடந்துச்சுன்னு எழுதணுமாம். "ஆரு எந்திரிச்சு நின்னது?"ன்னு கேட்டுச்சு. எங்களுக்குப் பின்னால இருந்தது அது ஒண்ணுதான், அதுவும் அப்பத் திரும்பியிருந்துச்சு. முன்னால இருந்தவங்க எல்லாரும் ஐஸ் மலையப் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள மாப்பிள்ளை பல்லு தந்தியடிக்க, "இட் வாஸ் மீ. போட்டோ எடுக்க எந்திரிச்சேன். சாரி"ன்னாரு.

அந்த இங்கிலீசு மட்டும் எனக்கு நல்லாப் புரிஞ்சுது.

நான் என்ன பண்ணியிருக்கணும்? 'இல்ல, நாந்தான்'னு சொல்லியிருக்கணும். மூணு வார்த்தை கூட இல்ல. மேகலா பக்கத்துல நிக்கறா. வெள்ளைக்காரங்க எல்லாரும் என் முதுகுல தட்டி, நல்லாக் காப்பாத்துனீங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. நான் பேசாம இருந்துட்டேன். பேசாம இருக்கறதுலதான் எனக்கு ஆறு வருசம் பழக்கமாச்சே.

கப்பலுக்கு வந்ததுல இருந்து மேகலா அவரப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்குறா. "படிச்சவருதானே நீங்க? அவங்க அத்தனை தடவை சொன்னாங்களே? போட்டோவா முக்கியம்? எங்கப்பா புடிக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்?" சாப்பாட்டு மேசையில, நடக்கற எடத்துல, லிப்டுல. அவரு தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டிருக்கறாரு. நான் எதுத்தாப்புல உக்காந்து ரொட்டிய மெல்றேன். ஒருதரம், இதச் சொல்றதுக்கு இப்பவும் கூசுது தம்பி, ஒருதரம் நானும் சேந்துக்கிட்டேன். "ஆமாங்க மாப்ள, தண்ணியில கொஞ்சம் சூதானமா இருக்கணும்"னேன்.

அவரு என்னைப் பாத்தாரு. "சரிங்க மாமா"ன்னாரு.

அவ்வளவுதான். 'சரிங்க மாமா.' அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. வவுறு சரியில்லைன்னு துளசிகிட்டச் சொன்னேன். "இருக்குமுங்க"ன்னா.

மக்கா நாளு அவருக்கு இருமல் புடிச்சுக்கிச்சு. அடுத்த ஊருல மலை ரயில்ல போறதா இருந்துச்சு, அவரு கப்பல்லயே இருந்துட்டாரு. நாங்க மூணு பேரும் போனோம். மேகலா ரயில்ல உக்காந்தும் அவரையே திட்டிக்கிட்டு வந்தா. சன்னல்ல என்னென்னமோ போச்சு, நீர்வீழ்ச்சி, பாலம், என்னமோ. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல.

அதுக்கு மக்கா நாள் காலையில நாஸ்டா சாப்பிட உக்காந்திருக்கறோம். நாலு பேரும். அவரு இருமிக்கிட்டே எனக்குக் காப்பி எடுத்தாந்து வெச்சாரு. சக்கரை போட்டு, நான் குடிக்கற பதத்துக்கு ஆத்தி. அந்தக் கப்ப எடுத்தேன். குடிக்க முடியல. கீழ வெச்சுட்டேன்.

"மேகலா. படகுல எந்திரிச்சு நின்னது அவரு இல்ல கண்ணு. நாந்தான். அவரு என்னைப் புடிச்சு உக்கார வெக்கப் போயித்தான் உழுந்தாரு."

சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அழுவாளா, கத்துவாளான்னு காத்திருக்கறேன். ஒண்ணும் நடக்கல. மேசை மேல 'டொக்'குன்னு ஒரு சத்தம். மேகலா போன எடுத்து என் தட்டுக்கு முன்னால வெச்சிருக்கறா.

போட்டோ. பின்னால வந்த படகுல இருந்து ஆரோ ஒரு அம்மா பெரிய கேமராவுல எடுத்தது. அவங்களும் எங்க கப்பல்ல வந்தவங்கதான், அன்னைக்குச் சாயங்காலமே மேகலாவத் தேடி வந்து அனுப்பியிருக்கறாங்க. ஐஸ் மலை தெளிவா இருக்குது. அதுக்கு முன்னால படகுல ஒரு ஆளு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, குரங்குக் குல்லாவோட, ஏதோ அந்த மலையே தன்னோடதுங்கற மாதிரி நிக்கறான். இடுப்ப ஒருத்தர் கட்டிப் புடிச்சிருக்கறாரு.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து தெரியும்"னா. "அம்மாவுக்கும் தெரியும்."

துளசியப் பாத்தேன். அவ தோசைய மடிச்சுச் சாப்பிட்டுக்கிட்டிருக்கறா.

"அப்பறம் எதுக்கும்மா அந்தப் பையனப் போட்டு ரெண்டு நாளா..."

"அவரு என்கிட்டப் பொய் சொன்னாரு. அதுக்குத் திட்டுனேன். அது நெசத் திட்டுத்தாம்ப்பா"ன்னா.

"என்கிட்ட அன்னைக்கே கேட்டிருக்கலாமல்ல?"

"அன்னைக்குக் கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பீங்க."

தம்பி, எனக்கு எத்தனையோ பேரு எதுத்துப் பேசியிருக்கறாங்க. லாரிக்காரன், போலீஸ்காரன், தண்ணி வராத தோட்டத்துக்காரன். ஒருத்தனுக்கும் நான் பதில் சொல்லாம இருந்ததில்ல. ஆனா அவ சொன்னது சரி. இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். சத்தியம் வேற பண்ணியிருப்பேன்.

மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்தா, அவரு போட்டோவையே பாக்கறாரு. அவருக்கும் அப்பத்தான் தெரியும். அவருகிட்டக் கேட்டேன். துளசிகிட்டச் சொல்லிக் கேக்கல, நேராக் கேட்டேன். "ஏனுங் மாப்ள, நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்ல. எதுக்கு எனக்காகப் பொய் சொன்னீங்க?"

"தண்ணிக்குள்ள போனதும் காது அடைச்சிருச்சு மாமா. மேல வந்தப்ப ஒண்ணுமே கேக்கல. நீங்க மாப்பிள்ளைன்னு கத்துனது ஒண்ணுதான் கேட்டுச்சு. அதுக்கப்பறம் உங்களைக் காட்டிக் குடுக்க வரல"ன்னாரு. சொல்லிட்டு இருமல் வந்துருச்சு.

நான் எந்திரிச்சுப் போயி அவருக்குச் சுடுதண்ணி புடிச்சாந்தேன். அந்த மெசின்ல எந்தப் பித்தானை அழுத்தறதுன்னு தெரியாம மொத ரெண்டு தடவை ஆரஞ்சு ஜூஸ் வந்துச்சு. மூணாவது தடவை சுடுதண்ணியே வந்துருச்சு. அறுவத்தேழு வயசுல நான் மொதமொதல்ல ஒருத்தருக்குப் பண்ணிக் குடுத்த குடிக்கற சாமானம் அது.

இப்ப எங்க போறேன்னு கேக்கறீங்களா? கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குத்தான். மகளும் மாப்பிள்ளையும் வர்றாங்க. வைகாசித் தேருக்கு. கட்டிக்கிட்டதுக்குப் பொறவு செங்கோட்டுக்கு வர்றது இதான் மொதத் தடவை. வெள்ளிக்கிழமை வீட்டுல விருந்து, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. கார் வெச்சுக்கலாம்னு துளசி சொன்னா. நான் பஸ்லயே போயிக் கூட்டியாறேன்னு வந்துட்டேன். வீட்டுல உக்காந்திருக்க முடியல தம்பி, அதான்.

நேத்து எங்க பெரிய அண்ணன் போன் பண்ணுனாரு. எழுவத்தாறு வயசு. எங்க வகையறாவுல அவரு சொல்றதுதான். ஆறு வருசமா நான் பொண்ணு போன எடுக்காம இருந்தது ஆருக்குப் பயந்துங்கறீங்க? வீராப்பு, கௌரவம்னெல்லாம் சொல்லுவேன். அண்ணனுக்குப் பயந்துதான். அவரு என்ன சொல்லிருவாரோ, என்ன பண்ணிருவாரோன்னு. அப்ப ஒருதரம் கூட அவரு அதப் பத்தி எங்கிட்டப் பேசுனதில்ல. நானாப் பயந்துக்கிட்டேன்.

நேத்துக் கேட்டாரு. "ஆரு வர்றாங்க உங்கூட்டுக்கு?"

"மாப்பிள்ளை வர்றாருங்ணா"ன்னேன்.

"அவன் உக்கார்ற பந்தியில நான் உக்கார மாட்டேன் சென்னியப்பா"ன்னாரு.

போன ரெண்டு கையில புடிச்சுக்கிட்டேன். "சரிங்ணா. அப்ப உங்களுக்கு எலை போட வேண்டாம்னு சமையல்காரங்ககிட்டச் சொல்லிர்றேன்"னேன்.

வெச்சுட்டாரு.

போன வெச்சுட்டு அப்படியே நின்னேன். ஏதாச்சும் ஆகும்னு நின்னேன். கூரை இருந்த எடத்துல இருந்துச்சு. துளசி உள்ள வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருந்தா. எதுத்த வீட்டுக்காரர் வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு, போறப்ப எப்பவும் போலத் தலையாட்டிட்டுப் போனாரு. அவ்வளவுதானுங்க. ஆறு வருசமா நான் எதுக்குப் பயந்தனோ, அது நடந்து முடிஞ்சுபோச்சு. மொத்தமா ஒரு நிமிசங்கூட ஆகல.